அந்நிய நுகமும் பி.காம். மூன்றாம் வருடமும்

ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பையனிடம் போய், "காதல், டேட்டிங் இதைப் பத்தியெல்லாம் நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சுற்றும் முற்றும் பார்ப்பான். சபைக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று தெரிந்த பிறகும், "அதெல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லி நழுவிவிடுவான். பதில் தெரியாமல் இல்லை. கோயிலில் சொல்ல ஒரு பதில், ஹாஸ்டலில் சொல்ல ஒரு பதில் என்று இரண்டு வைத்திருப்பான். அவன் நிஜமாகவே என்ன நினைக்கிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இது அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றியது. பெயர் வேண்டாம். சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். பாளையங்கோட்டையில் பி.காம். மூன்றாம் வருடம். வயது 21. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், அம்மா சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாத வாரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திடப்படுத்தல் முடித்தவன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் விடிய விடிய டிரம்ஸ் அடிப்பவன். வகுப்பில் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவள் கிறிஸ்தவள் இல்லை.

கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் அவன் இதைப் பற்றி யோசித்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

டேட்டிங் என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்குத் தமிழில் சரியான சொல் கிடையாது. "பழகிப் பார்ப்பது" என்று சொல்லலாம். ஆனால் ஊரில் யாரும் பழகிப் பார்ப்பதில்லை. ஒன்று, "அவங்க ரெண்டு பேரும் லவ் பண்றாங்க". இல்லையென்றால், "அவங்களுக்குள்ள ஒண்ணுமில்ல". நடுவில் எதுவும் கிடையாது.

அமெரிக்கப் படங்களில் ஒருவரோடு நாலு தடவை காபி குடித்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கே "ஐ லவ் யூ" சொன்ன அன்றைக்கே கல்யாணம் முடிவான மாதிரி. அவளுடைய அப்பா என்ன வேலை, குடும்பம் எப்படி, அவளுக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பாள், கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறாள், எதுவும் தெரியாது. ஆனால் செத்தாலும் இவள்தான்! பிறகு பேசப் பேசத்தான் எல்லாம் தெரிய வருகிறது. அதற்குள் மூன்று வருடம் போய்விடும்.

அவனுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. எதையும் முடிவு செய்யாமல் சுற்றுவதும் பிடிக்கவில்லை, எதுவும் தெரியாமல் முதல் நாளே முடிவு செய்வதும் பிடிக்கவில்லை. ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு மரியாதையான வழி வேண்டும். அந்த வழியைச் சபையும் சொல்லித் தரவில்லை, சினிமாவும் சொல்லித் தரவில்லை.

நுகம்

சபை சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்நிய நுகம். வாலிபர் கூட்டத்தில் காதல் என்ற பேச்சு வந்தாலே இந்த வசனம் வந்துவிடும். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம், ஆறாம் அதிகாரம், பதினான்காம் வசனம். அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். அந்த உவமைக்கு வேர் உபாகமத்தில் இருக்கிறது. மாட்டையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டி உழக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம். காரணம் எந்த விவசாயிக்கும் தெரியும். உயரம் வேறு, நடை வேறு. இரண்டுக்கும் கழுத்துப் புண்ணாகும், உழவும் நேராக வராது.

அவன் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பார்த்தான். அதில் கல்யாணம் என்ற பேச்சே இல்லை! பொதுவாக விசுவாசிகள் யாரோடு கூட்டுச் சேரலாம் என்பதைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப் பார்த்தால் வியாபாரத்தில் பார்ட்னர்ஷிப் போடுவதற்கும் அந்த வசனம் பொருந்த வேண்டும். கடை போடும்போது யாரும் அந்த வசனத்தை எடுப்பதில்லை :-)

அதற்காக வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? முடியாது என்றுதான் அவன் நினைக்கிறான். முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் விதவைகளைப் பற்றிப் பேசும்போது, அவள் தனக்கு இஷ்டமானவரை மணக்கலாம், ஆனால் அது கர்த்தருக்குள் இருக்க வேண்டும் என்று அதே பவுல் சொல்கிறார். எண்ணம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. ஏற்கனவே கல்யாணமாகி ஒருவர் மட்டும் விசுவாசியாக இருந்தால், மற்றவர் சேர்ந்து வாழச் சம்மதிக்கும்போது அவரைத் தள்ளிவிடக் கூடாது என்கிறார். தீமோத்தேயு அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்தான். தாய் ஐனிக்கேயாள் யூத விசுவாசி, தகப்பன் கிரேக்கர். அந்த வீட்டிலிருந்து ஒரு நல்ல ஊழியக்காரர் வந்தார்.

ஆக, சபையில் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில் இது. ஜெபம் என்பது அவனுக்குச் சடங்கில்லை. பரீட்சைக்கு முன்னும், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராத்திரியிலும், அவன் பிடித்துக்கொண்டது அதைத்தான். வாழ்நாள் முழுவதும் கூட இருக்கப் போகிறவளுக்கு அது வெறும் பழக்கமாகவோ வேடிக்கையாகவோ தெரிந்தால், அந்த ராத்திரிகளில் அவன் தனியாகத்தான் இருப்பான். அவளும் அவளுடைய ராத்திரிகளில் தனியாக இருப்பாள். அவள் கும்பிடுகிற சாமி அவளுக்கும் சும்மா இல்லையே.

ரெபெக்காளிடம் கேட்டார்கள்

பிரசங்கத்தில் பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணத்துக்கு எப்போதும் சொல்லும் உதாரணம் ஈசாக்கு-ரெபெக்காள். ஆதியாகமம் இருபத்துநான்காம் அதிகாரம். ஆபிரகாம் தன் இனத்தாரிடத்தில் பெண் கொள்ளும்படி ஊழியக்காரனை அனுப்புகிறார், அவன் கிணற்றடியில் ஜெபிக்கிறான், ரெபெக்காள் வந்து ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் வார்க்கிறாள், எல்லாம் கூடிவருகிறது. அருமையான கதை.

ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது. ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் அனுப்புகிறார்கள். அவன் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் ஒட்டகம் வந்திருக்கிறது, கிணறு வந்திருக்கிறது, மூக்குத்திகூட வந்திருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் வந்ததில்லை.

யாக்கோபு ராகேலைத் தானே பார்த்து விரும்பி அவளுக்காக ஏழு வருடம் வேலை செய்தவர். மாமனார் ஏமாற்றி அக்காளைக் கொடுத்ததால் இன்னும் ஏழு வருடம் உழைத்தார். ரூத் மோவாப் தேசத்துப் பெண். போவாஸை மணந்து தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனாள். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அவருக்கு விரோதமாகப் பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்தது. மறுபக்கம் சாலொமோன். எழுநூறு மனைவிகள் அவர் இருதயத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று வேதம் சொல்கிறது. எஸ்றாவின் காலத்தில் அந்நிய ஸ்திரீகளை மொத்தமாக அனுப்பியே விட்டார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் வேதத்தில் ஒரே மாதிரியான கல்யாணம் கிடையாது. எஸ்றாவைக் காட்டிச் சட்டம் போடுகிறவர்கள் ரூத்தையும் வாசிக்க வேண்டும். ரூத்தைக் காட்டி எல்லாம் சரி என்கிறவர்கள் சாலொமோனையும் வாசிக்க வேண்டும். அப்புறம் உன்னதப்பாட்டு என்று ஒரு புத்தகமே இருக்கிறது. எட்டு அதிகாரம். கிறிஸ்துவும் சபையும் என்று விளக்கம் சொல்லிப் பெரியவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அதில் ஒரே எச்சரிக்கை மூன்று முறை வருகிறது. காதலை அதன் வேளைக்கு முன்பு எழுப்பக்கூடாது என்கிற மாதிரி. காதல் கூடாது என்று அது சொல்லவில்லை. வேளை பார்க்கச் சொல்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த புத்தகம்

நகரத்துச் சபைகளின் ஆங்கில வாலிபர் கூட்டங்களில் ஒரு புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனதுண்டு. 'ஐ கிஸ்ட் டேட்டிங் குட்பை'. 1997-இல் வந்தது. எழுதியவர் ஜோஷுவா ஹாரிஸ் என்ற அமெரிக்கர். எழுதும்போது வயது இருபத்தொன்று. டேட்டிங்கை விட்டுவிடுங்கள், கல்யாணத்துக்குத் தயாராகாமல் யாரோடும் பழகாதீர்கள், பழகுவதையும் பெற்றோருக்குத் தெரிந்தே செய்யுங்கள் என்பது அதன் சாரம். பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற புத்தகம். அங்கே ஒரு தலைமுறை அதைச் சட்டமாகவே பிடித்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருந்தது நாசரேத்துப் பிள்ளைகளுக்குப் பழைய கதை. பெற்றோருக்குத் தெரிந்து, பெரியவர்கள் முன்னிலையில், கல்யாணத்துக்காக மட்டும் பார்ப்பது! அதைத்தானே தாத்தா காலத்திலிருந்து பெண் பார்ப்பது என்று செய்கிறார்கள். மீனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த மாதிரி.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தப் புத்தகத்தால் தாங்கள் காயப்பட்டோம், பயத்தோடும் குற்ற உணர்ச்சியோடும் வாழ்ந்தோம் என்று பலர் அவரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். 2018-இல் ஹாரிஸ் தன் புத்தகத்தின் கருத்துகளை விலக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இனி அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2019-இல் மனைவியைப் பிரிவதாக அறிவித்தார். கொஞ்ச நாளிலேயே தான் இனி கிறிஸ்தவன் இல்லை என்றும் அறிவித்தார்.

"பாத்தியால, இதுக்குத்தான் சொல்லுதேன், இதையெல்லாம் ரொம்ப யோசிக்கப்பிடாது" என்றான் ஹாஸ்டல் நண்பன். அவனுக்குப் பட்டது வேறு. இருபத்தோரு வயதில் ஒருவன் தனக்கென்று ஒரு தீர்மானம் எடுக்கலாம், அதில் தப்பே இல்லை. அதையே ஊருக்கெல்லாம் சட்டமாக எழுதிக் கொடுத்ததில்தான் சிக்கல். ஹாரிஸின் வாழ்க்கையைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு மனம் வரவில்லை. தப்பு என்று தெரிந்ததும் விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை நிறுத்தச் சொல்வதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

காமர்ஸ் மாணவன் இல்லையா, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். சுமார் 44 லட்சம் பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 47 சதவீதம். அந்த மாவட்டத்தைக் கழித்துவிட்டால் மற்ற இடங்களில் இன்னும் குறைவு.

அறுபது பேர் இருக்கிற ஒரு வகுப்பில் சராசரியாக நாலு பேர்கூட வரமாட்டார்கள். அதில் பாதி ஆண்கள். மிச்சம் இரண்டு பெண்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆர்.சி., ஒருவர் பெந்தெகொஸ்தே என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. வீட்டில் அதற்கும் முகம் சுளிப்பார்கள். இத்தனைக்கும் சி.எஸ்.ஐ. என்பதே ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1947-இல் ஒன்று சேர்ந்து உண்டானது. சபைகள் சேரலாம், சம்பந்திகள் சேரக்கூடாது!

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்கள் இதைவிட அதிகம்தான், அது வேறு விஷயம். இந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான். ஒரு கிறிஸ்தவப் பையனுக்கு வேறு மதத்துப் பெண்ணைப் பிடித்துப்போவது பின்மாற்றமும் இல்லை, சாத்தானின் தந்திரமும் இல்லை. வெறும் கணக்கு. தினமும் பார்க்கிறவர்களில் ஒருவரைத்தான் பிடிக்கும். தினமும் பார்க்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் வேறு மதம். பிடித்ததற்காக அவன் பாவ அறிக்கை செய்யத் தேவையில்லை. அதற்கப்புறம் என்ன செய்கிறான் என்பதற்குத்தான் அவன் பொறுப்பு.

அக்கா

இந்த விஷயத்தில் அவன் மனம் கசந்து போனது வகுப்புப் பெண்ணால் இல்லை. அக்காவால்.

அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அங்கேயே கதை சொல்ல வந்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனும் சி.எஸ்.ஐ. அதே திருமண்டலம். நல்ல வேலை. குடிப்பழக்கம் இல்லை. ஊழிய வாஞ்சை உண்டு. அந்நிய நுகம் என்று யாரும் வாயெடுக்க முடியாது. இரண்டு வருடம் காத்திருந்து, முறையாகப் போதகர் மூலமாகவே வீட்டில் பேச வைத்தார்கள்.

அப்பா முடியாது என்றார். சாதி வேறு.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நம்ம ஆளு இல்லையே" என்றார். "ஆபிரகாமே தன் இனத்தாரிடத்துல போய்த்தானே பொண்ணு எடுத்தாரு" என்றார். மதத்துக்காக எழுதப்பட்ட வசனம் சாதிக்கு வேலை செய்ததை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டைக் குறைத்தாள். அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணம். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மட்டும் அதற்கப்புறம் போகவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். அங்கே கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்துக் கட்டிய கோயில். இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காக அப்படி. இரண்டு கால்களும் சேருகிற இடத்தில் பீடம். நடுவில் இருந்த தடுப்புச் சுவரை 1910-இல் இடித்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். "தேவபயமுள்ள, இரட்சிக்கப்பட்ட" என்று ஆரம்பிக்கும். அடுத்த வரியில் சாதிப் பெயர் இருக்கும். இரட்சிப்புக்கும் சாதிக்கும் நடுவில் ஒரு கமாதான்.

பவுன் கணக்கும் அப்படியே. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அக்காவுக்கு எத்தனை பவுன் என்று பேசின அன்று இரண்டு பக்கமும் ஜெபத்தோடுதான் ஆரம்பித்தார்கள், ஜெபத்தோடுதான் முடித்தார்கள். நடுவில் பேரம்.

திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறார்கள். அக்காவும் அந்தப் பையனும் ஒரே பந்தியில் முழங்கால் படியிட்டவர்கள்தான்.

1872

பி.காம். படித்தவர்களுக்கு 1872 என்றால் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும். அதே 1872-இல்தான் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் வந்தது. அவன் இரண்டையும் சேர்த்து யோசித்தான்.

ஒப்பந்தச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு சுதந்திரமான சம்மதம் பற்றியது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறாக எடுத்துச் சொல்வது, பிழை. இந்த ஐந்தில் எதனாலும் வராததாக இருந்தால்தான் அது சம்மதம். ஐந்து மார்க் கேள்வி. எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். இதையே காதலுக்கு வைத்துப் பாருங்கள். "நீ இல்லேன்னா செத்துருவேன்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லி வாங்குகிற சம்மதம் எந்த வகை? "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, தன் வீட்டின் நிபந்தனைகளை மறைத்து வாங்குகிற சம்மதம்? பதினேழாம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. பேசாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை இருக்கும்போது பேசாமல் இருந்தால் அது மோசடி.

அவனுக்கு அந்தக் கடமை இருந்தது. ஏனென்றால் அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். வேறு மதத்துப் பெண் என்றால் முதல் கேள்வி, "ஞானஸ்நானம் எடுப்பாளா?" சட்டப்படி பார்த்தால் வழி இருக்கிறது. 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மதம் மாற வேண்டியதில்லை. திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, முப்பது நாள் கழித்துக் கையெழுத்துப் போடலாம். அந்த முப்பது நாளில் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை என்பது வேறு கதை. சட்டம் அனுமதிக்கும். ஆனால் அவன் கோயிலில் கல்யாணம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். சபையார் முன்னால், அவன் நம்புகிற கடவுள் முன்னால்.

அவள் கேட்ட கேள்வி

ஒருநாள் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் வாங்க வந்தவள் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டாள். "உங்க ஆளுங்கள கல்யாணம் பண்ணணும்னா மதம் மாறணுமாமே? நிஜமா?"

சும்மா கேட்டாளா, தெரிந்துதான் கேட்டாளா, அவனுக்குத் தெரியவில்லை. மழுப்புவதற்கு நல்ல சந்தர்ப்பம். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"எங்க வீட்டுல கேப்பாங்க. ஆனா என்னால ஒருத்தர்கிட்ட அப்படிக் கேக்க முடியாது. கல்யாணத்துக்காக எடுக்கிற ஞானஸ்நானம் பொய். கடவுள்கிட்ட பொய் சொல்லச் சொல்லி ஒருத்தரக் கூட்டிட்டு வர முடியாதுல்ல?"

"அப்போ?"

"அப்போ... நம்பிக்கை தானா ஒண்ணா இருக்கிற ஒருத்தரத்தான் பாக்கணும். அதுதான் என் மனசுல இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "முதல்லயே சொல்லிட்ட. எங்க சித்தி பொண்ணுகிட்ட நிச்சயத்துக்கு முந்தின வாரம்தான் சொன்னாங்க."

அவ்வளவுதான். யாரும் அழவில்லை, மழை பெய்யவில்லை. நோட்ஸை இரண்டு நாளில் திருப்பித் தந்தாள். இன்னும் பேசிக்கொள்கிறார்கள். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. அவனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சரியானதைச் செய்தால் உடனே சமாதானம் வந்துவிடும் என்று சாட்சி சொல்கிறவர்கள் சொல்வார்கள். அப்படி எதுவும் வரவில்லை. வலித்தது. இப்போதும் அவள் காலரியில் சிரித்துப் பேசிக்கொண்டு போகும்போது வலிக்கிறது.

ரூத்தைப் பற்றி அவன் யோசித்ததும் அந்த ராத்திரிதான். ரூத் நகோமியின் தேவனைத் தன் தேவனாக ஏற்றுக்கொண்டது போவாஸுக்காக இல்லை. அப்போது போவாஸ் யாரென்றே அவளுக்குத் தெரியாது. மாமியாரோடு வழியில் நின்றுகொண்டு, எந்த லாபமும் கண்ணில் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவு அது. அப்படி ஒருவர் தானாக வந்தால் அது வேறு. கல்யாணத்தைக் காட்டி வரவைப்பது வேறு.

இப்போது அவன் நினைப்பது

அவனிடம் கேட்டால் இப்போது சொல்வான். ஹாரிஸ் மாதிரி ஊருக்கு இல்லை, தனக்கு மட்டும்.

ஒன்று, கல்யாணத்தைப் பற்றி யோசிக்கவே தயாராக இல்லாதபோது ஒரு பெண்ணின் மனதில் ஆசையை வளர்க்கக்கூடாது. பொழுதுபோகவில்லை என்பது ஒரு காரணமே இல்லை.

இரண்டு, பழகுவது பாவமில்லை. பெண்களோடு பேசவே தெரியாமல் வளர்ந்து, முதல் ராத்திரியில் முதல்முறையாகப் பேச ஆரம்பிப்பதைப் பரிசுத்தம் என்று அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில், மறைக்க எதுவும் இல்லாமல் பேசலாம்.

மூன்று, விசுவாசம் முக்கியம் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவளுடைய நம்பிக்கைக்கும் அதே மரியாதை தர வேண்டும். காதலை வைத்து யாரையும் மதம் மாற்றக்கூடாது.

நான்கு, இதுதான் கஷ்டமானது. விசுவாசத்துக்காக ஒருத்தியை வேண்டாம் என்று விட்டவன், விசுவாசம் ஒன்றாக இருக்கிற எவளையும் சாதிக்காக வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் முதலில் சொன்னதும் பொய்யாகிவிடும். அந்த வகுப்புப் பெண்ணிடம் சொன்னது சாக்குப்போக்காகிவிடும். அதனால் அவனுக்குப் பெண் பார்க்கும்போது சாதி பார்க்கக்கூடாது. பவுன் பேசக்கூடாது. அவளிடமும், ரெபெக்காளிடம் கேட்ட மாதிரி, கேட்க வேண்டும்.

சட்டப்படி கோயிலில் மாலை மாற்றும் வயது அவனுக்கு வந்துவிட்டது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. ஆனால் வேலை இல்லை, சம்பளம் இல்லை, சி.ஏ. இன்டர் எழுத வேண்டும் என்று ஆசை. இன்னும் ஐந்தாறு வருடமாவது ஆகும். நாலாவது தீர்மானத்தை அப்பாவிடம் சொல்ல அத்தனை வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறான். அன்றைக்குச் சொன்னால் ஒரு பெண்ணுக்காகச் சொல்கிறான் என்பார்கள். இப்போது அவன் பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது சொன்னால்தான் அது கொள்கை என்று நம்புவார்கள்.

போனவாரம் அக்காவிடம் மட்டும் போனில் சொன்னான். அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தான். பிறகு, "சொல்லுல. ஆனா அப்பாகிட்ட சண்டையா சொல்லாத. அவரு நெஞ்சுக்கு ஆகாது" என்றாள். கொஞ்சம் விட்டு, "என்னையப் பத்தி எடுக்காத" என்றும் சொன்னாள்.

அக்காவைப் பற்றிப் பேசாமல் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போகும்போது சொல்வதாக இருக்கிறான்.